முப்பத்தெட்டு சென்டிமீட்டர்

எம்.சி. ரோட்டில் துணி கிழிப்பவன் நான்.
பதினேழு வருடம்.
சட்டைக்கு இரண்டரை மீட்டர் கேட்டால்
ஒரு விரல் கூட்டித்தான் கிழிப்பேன்,
முதலாளி பார்க்காத நேரத்தில்.

எழும்பூரில், இரண்டாவது மாடி வராந்தாவில்
டாக்டர் ஹேமலோசனி
முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிச் சொன்னார்:
குடல் முறுக்கிக் கறுத்துவிட்டது,
வெட்டியது போக மீதி முப்பத்தெட்டு.
"இஞ்சா, சென்டிமீட்டரா?" என்றேன்.
சென்டிமீட்டர்.
ஒரு கைக்குட்டைக்குச் சரியாக வரும்.

எவ்வளவு இருக்கணும் மேடம்?
இரண்டரை மீட்டர், என்றார்.

கண்ணாடிப் பெட்டியில் அட்டை தொங்கியது:
ஜான்சி பேபி, ஆண், ஒன்று தொள்ளாயிரம்.
வீட்டில் இரண்டு பெயர் எழுதி வைத்திருந்தோம்.
இரண்டும் நீளம்.

ரத்தக்குழாயில் சாப்பாடு ஏறியது,
கறுப்புத் தாள் சுற்றிய பையிலிருந்து
சர்க்கரை, கொழுப்பு, உப்பு, எல்லாம் கணக்காக.
எடைகூட ஏறியது.
ஆனால் குடலுக்கு வேலை இல்லை.
வேலை இல்லாத குடல்
இருந்த இடத்திலேயே மெலியும் என்றார்.
அது எனக்குப் புரிந்தது.
கொரோனாவில் கடை சாத்திய மாதங்களில்
ரேஷனில் அரிசி வந்தது,
கைகள்தான் மெலிந்தன.

தாளில் வரைந்து காட்டினார்:
குடலின் உள்பக்கம் வழுவழுப்பு இல்லையாம்,
லட்சம் விரல் நீட்டி நிற்குமாம்.
"டர்க்கி டவல்" என்றேன்.
அவர் பேனா நின்றது.
அதேதான்.
நீளம் போனாலும் நூல் உயரும்,
அடியில் குழி ஆழமாகும்,
ஒரு முழம் இரண்டு முழத்துக்கு உறிஞ்சும்.
நானே சொல்லி விற்றதுதான் இது.

வளரச் சொல்லும் ஊசி ஒன்று உண்டு, ஹார்மோன்.
விலையை இங்கே எழுதமாட்டேன்.
தவணை இருக்கா என்று கேட்டுவிட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.
"ஊசி சொல்லும். கேட்கிற குடலில் பால் போகணும்.
பால் பட்டால் குடலே
தனக்கு வேண்டியதைச் சுரக்கும்.
முதலில் அதைப் பார்ப்போம்."

அது என்பது ஒரு மில்லி.
மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம்.
ஜான்சி பக்கத்து அறையில் பிழிந்து
எவர்சில்வர் கிண்ணத்தில் கொண்டுவருவாள்.
சிஸ்டர் செல்வபுஷ்பம்
ஊசி இல்லாத குழாயை உயரத் தூக்கிப் பிடிப்பார்,
பால் தன் எடையில் தானே இறங்கும்.
ஒரு மில்லி என்றால்
மழை விட்ட பிறகு கடை ஷட்டர் நுனியில்
இருபது சொட்டு.
மீதிப் பால் பால் வங்கிக்கு.
யார் யாரோ குடித்தார்கள்.

ஒன்பதாம் நாள் மூன்று மில்லி.
வயிறு உப்பியது, மறுபடி ஒன்று.
இருபதாம் நாள் ஐந்து.
தண்ணீராய்ப் போனது, மறுபடி மூன்று.
கடையில் ஒரு பாவாடைத் துணிக்கு
நாலு விரல் கூட்டிக் கிழித்தேன்.
முதலாளி பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று இரவு, கடைசி பஸ் போன பிறகு
சிஸ்டர் கதவைத் திறந்து கூப்பிட்டார்.
துணியில் மஞ்சளாய், கெட்டியாய், கொஞ்சம்.
தராசில் வைத்து எண்ணை எழுதினார்.
ஜான்சி குனிந்து முகர்ந்தாள்,
புளித்த பால் வாசம்.
"சாப்பிட்டிருக்கான்யா" என்றாள்.

சட்டைப் பையில் கிடந்த டேப்பை
விரல் தானாகத் தேடியது.
முப்பத்தெட்டில் நகம் வைத்துப் பிடித்தேன்.
அதற்கு மேலே உள்ள கோடுகளை
ரொம்ப நெருக்கமாகத்தான் போட்டிருக்கிறார்கள்.