தெரியாத எண்

ஓரோஷ்ஹாசாவுக்கு வெளியே, ரயில் பாதை தாண்டி
கண் போன தூரம் வரை மக்காச்சோளம்.
அதற்குள் எங்கோ கிடக்கிறது என் விமானம்.

இரண்டு மீட்டர் இறக்கை. பால்சா விலாக்கள்,
கார்பன் முதுகெலும்பு.
குளிர்காலம் முழுக்கச் சமையலறை மேசையில் படுத்திருந்தது.
நானும் மகளும் சூப்பை மடியில் வைத்துக் குடித்தோம்.
ஜூலையில் அது
ஏழு நிமிடம் பறந்தது.

எட்டாவது நிமிடத்தில் வெப்பக் காற்று அகப்பட்டது.
மோட்டாரை அணைத்தேன்.
பருந்துகள் இரண்டு சுற்றிய இடத்தில்
மூன்றாவதாய்ச் சேர்ந்துகொண்டது.
ஏறியது, ஏறியது, கொசுவளவு ஆனது,
பிறகு கொசுவோ என்ற சந்தேகமளவு.
தும்மினேன்.

நிமிர்ந்தால் பருந்துகள் இருந்தன.

"ட்ரோனை அனுப்பலாம்" என்றான் வெண்டெல்.
பேருந்தைத் தவறவிட்டாலும் இதையேதான் சொல்வான்.
நாலு விசிறி, ஒரு கேமரா,
போன வாரம் ஒட்டிய ஒரு கால்.
மேலே போய்ப் பார்த்தால்
ஒவ்வொரு கதிரின் பூவும் மஞ்சளாய்,
ஒவ்வொன்றும் என் இறக்கை நுனி.
பேட்டரி பதினெட்டு சதவீதம்.
"இன்னும் ஒரே ஒரு வரிசை" என்றான்.
எங்கள் சங்கத்துக் கொட்டகையில் ஒரு வாளி நிறைய
உடைந்த விசிறிகள் உண்டு;
பாதிக்கு மேல் அந்த வாக்கியம் உடைத்தவை.

ட்ரோன் தானாக இறங்கியது.
இப்போது தேட இரண்டு.

நல்லவேளை, அதற்கு வாய் உண்டு. பீப். பீப்.
தலைக்கு மேல் நிற்கும் பயிருக்குள் நுழைந்தோம்.
இலை ஒவ்வொன்றும் கழுத்தில் கோடு கிழித்தது,
மகரந்தம் கண்ணிமையில் அப்பியது.
காற்று அசைந்தால் வயல் முழுக்கச் சலசலப்பு,
பீப் எந்தப் பக்கம் என்றே தெரியாது.
மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள் நான்.
மூச்சை அடக்குங்கள், அசையாதீர்கள் என்று
நாளுக்கு அறுபது பேரிடம் சொல்கிறேன்.
அன்று காற்றிடம் சொன்னேன்.

வடிகால் ஓரம் கிடைத்தது ட்ரோன்.
அதற்கு நாலடி தள்ளி, முட்செடிக்குள்,
ஒரு சிவப்பு வால்.

என்னுடையது மஞ்சள்.

மேலுறை கிழிந்து விலா எலும்புகள் வெளியே தெரிந்தன;
என் இயந்திரத்துக்கு அங்கே வேலை இல்லை.
ரிசீவர் பெட்டிக்குள் நத்தை ஒன்று குடியிருந்தது.
பேட்டரி தலையணையாய் உப்பியிருந்தது.
இறக்கையின் அடியில் மங்கிய மையில்
'கண்டெடுத்தவர் அழைக்கவும். ஒரு பீர் நிச்சயம்.'
கடைசி இலக்கம் மூன்றா எட்டா?

மூன்றைப் போட்டேன். பல் மருத்துவர் வீடு.
எட்டைப் போட்டேன்.
"லூரின்ட்ஸ்" என்றது ஒரு குரல். பின்னால் கோழிகள்.
சொன்னேன்: சிவப்பு வால், நீலக் கோடு, வடிகால், முள்.
வெகுநேரம் கோழிகள் மட்டும் பேசின.
பதினோரு வருடம் கழித்து
அந்த மனிதர் கேட்ட முதல் கேள்வி:
"சர்வோ ஓடுதா?"

வீட்டுச் சாவியை மறப்பான் வெண்டெல்,
சர்வோ சோதிக்கும் கருவியை மறக்கமாட்டான்.
கம்பியைச் சுரண்டி மாட்டினான்.
இடது பக்கம்
ஒருமுறை,
தூக்கத்தில் விரல் அசைவது போல.
வலது அசையவே இல்லை.

"சங்கத்தில் எல்லாரிடமும்
சிக்னல் போச்சு என்று சொல்லியிருக்கிறேன்" என்றார்.
"நிஜத்தில், என்னை நோக்கித் திரும்பி வந்தபோது
இடது எது வலது எது என்று
எனக்குக் குழம்பிவிட்டது.
யாரிடமும் சொல்லாதீர்கள்."

பீர் குடித்தாயிற்று. மூன்று பேரும், இரண்டு சுற்று.
நத்தையை அவர் வெளியே எடுக்கவில்லை.

என் மஞ்சள் இன்னும் அங்கேதான்.
அக்டோபரில் அறுவடை இயந்திரம் வரும்.
ஓட்டுபவர், பார்த்தால் நிறுத்துவதாகச் சொல்லியிருக்கிறார்;
பார்த்தால்.
வயிற்றில் என் எண்ணைப் பட்டையாக எழுதி
மேலே டேப் ஒட்டியிருக்கிறேன், மூன்று மூன்றாகவே தெரியும்.

அதனால் இப்போதெல்லாம்
தெரியாத எண் எதுவானாலும் எடுத்துவிடுகிறேன்.
கடன் வேண்டுமா, கூரைக்குச் சூரியத் தகடு வேண்டுமா,
எல்லாவற்றையும் கடைசிவரை கேட்கிறேன்.
யாராவது ஒருவன் தயங்கித் தயங்கி
"இங்கே மஞ்சளா ஒண்ணு..." என்று
ஆரம்பிக்கக்கூடும்.