ஒன்பதாம் நம்பர்

ஆயர் தாவாரில் எங்கள் டோபிக் கடைக்கு
செவ்வாயும் வெள்ளியும் வேன் வரும்.
கடற்படை ஆயுதக் கிடங்கின் குத்தகைக்காரர் அனுப்பும்
இருபத்திரண்டு நீல ஓவரால்.
பெயர் கிடையாது. முதுகில் நம்பர்.

செம்பனைத் தோட்டத்து உடுப்பென்றால்
எண்ணெய்ப் பிசுக்கு, சேறு, முள்.
ராத்திரி முழுக்க ஊறினாலும் அடம் பிடிக்கும்.
இவற்றில் அழுக்கே இல்லை.
இடியாப்ப மாவு சலித்த கையை
மேலே துடைத்தது போல வெள்ளைத் தூசி.
உதறினால் போய்விடும்.
உதறினேன்.

பதினோரு வருஷம்,
ஜன்னல் இல்லாத பின்னறையில்
விசிறியைப் போட்டுக்கொண்டு உதறினேன்.
மூன்று மணிக்குத் தகரத்தின் ஆணி ஓட்டை வழியே
ஒரு கோடு வெயில் இறங்கும்.
அதில் தூசி மினுங்கும்.
அழகாய்த்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

பாக்கெட்டைத் துழாவாமல் தண்ணீரில் போடக் கூடாது.
ஏழாம் நம்பரிடம் எப்போதும் தோற்றுப்போன லாட்டரிச் சீட்டு.
பதினான்கில் புளிப்பு மிட்டாய்த் தாள்.
ஒன்பதின் இடப் பாக்கெட் மாதம் ஒருமுறை கிழிந்து வரும்.
நீல நூல் தீர்ந்த ஒருநாள்
சிவப்பில் தைத்து அனுப்பிவிட்டேன்.
அடுத்த வெள்ளி அந்தப் பாக்கெட்டுக்குள்
காகிதத்தில் சுற்றிய ஐம்பது காசு.

வேன்காரர் ரம்லி கதை சொல்வார்:
டார்பிடோ தூங்கும் கொட்டகைக்குள்
தீக்குச்சி போக முடியாது,
சப்பாத்தின் ஆணியைக்கூடத் தடவிப் பார்ப்பார்களாம்.
வாசலில் ஒரு பலகை:
விபத்தில்லா நாட்கள் நான்காயிரத்துப் பன்னிரண்டு.
பையன்களுக்கு என்ன வேலை என்றேன்.
பழைய நீராவிக் குழாயின் உறையை உரிப்பது,
கூரை அட்டையைக் கழற்றுவது.
நெருப்பே பிடிக்காதாம் அது.
கல்லில் இருந்து எடுத்த நாராம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
கல்லில் நார் உரிக்கிறவன் என்று
வாடகை ஏற்றிய தவுக்கேயைத்தான்
அன்று காலை திட்டியிருந்தேன்.
ரம்லிக்கு மலாயில் சொல்லிப் பார்த்தேன்.
கல் தனியாக, நூல் தனியாக விழுந்தது.
அவர் மரியாதைக்குத் தலையாட்டினார்.

குத்தகை முடிந்தது.
கடைக்குக் காசு போட்டால் சுற்றும் மெஷின்கள் வந்தன.
நாற்பதாம் வயதில் துவைத்தவை
எழுபதாம் வயதில் திரும்பி வந்தன.

ஈப்போ ஆஸ்பத்திரி. ஐந்தாம் மாடி.
விலாவில் ஊசி இறக்கி
ஒன்றரை லிட்டர் நீர் எடுத்தார்கள். தேத்தண்ணி நிறம்.
வெளிச்சத்தில் செருகிய படத்தில்
வலது நுரையீரலைச் சுற்றி ஓர் உறை,
குழாயைச் சுற்றியிருந்தது போல.
"கிடங்கில் என்ன வேலை பார்த்தீர்கள்?"
கிடங்கை நான் கண்ணால் பார்த்ததில்லை, டாக்டர்.
அது என் கடைக்கு வந்தது.

சொக்சோ பாரத்தில் முதலாளி பெயர் என்றொரு கட்டம்.
பொன்னுருவி என்று எழுதினேன்.
கவுண்டர்ப் பையன் எட்டிப் பார்த்து
"உங்கள் பெயர் இல்லை மாச்சிக், முதலாளி பெயர்" என்றான்.
அடித்தேன். பிறகு எழுதவில்லை.

சிகிச்சைக்குக் காத்திருக்கும் பெஞ்சில்
மூக்கில் குழாயோடு ஓர் ஆள்.
காலர் எலும்பின் குழியில் ஒரு கரண்டித் தண்ணீர் நிற்கும்.
கிடங்கு என்று யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது.
"என்ன நம்பர்?" என்றேன்.
தாதி என் கைச் சீட்டைக் காட்டினாள்.
அவர் மட்டும் திரும்பினார்.
"ஒன்பது."

நான் இடது மார்பைத் தொட்டுக் காட்டினேன்.
கொஞ்ச நேரம் பிடித்தது.
"சிவப்பு நூல்," என்றார்.
அதற்கே மூச்சு வாங்கியது.

சிரிக்கக் கூடாது, இருமல் கிளம்பும்.
சிரித்தோம். கிளம்பியது.
வாசல் பலகையில் இப்போது எத்தனை நாள்
போட்டிருப்பார்கள் என்று கேட்க வாயெடுத்தேன்.
அதற்குள் திரையில் அவர் எண் வந்துவிட்டது.
ஆயிரத்து நாற்பத்தேழு.