பச்சைப் புள்ளி

மெய்நிகர்க் கண்ணாடியின் உட்புறப் பஞ்சை
ஒவ்வொருவருக்குப் பிறகும் நான்தான் துடைக்கிறேன்.
வியர்வை, கண்மை, சிலசமயம் உப்பு.
க்ரோனிங்கன் மருத்துவமனையின் மூன்றாம் தளத்தில்
எனக்கு அதுதான் வேலை:
அவரவர் மண்டைக்குள் அவரவரை அனுப்பி
பத்து நிமிடத்தில் திரும்பக் கூட்டிவருவது.
பால்பண்ணைக்காரர் ஒருவர்
தன் தலைக்குள் நுழையுமுன்
பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்தார்.

பிப்ரவரிச் செவ்வாய். கால்வாயில் பாதிக்குப் பனிக்கட்டி.
ஃபென்னா வீர்ஸமா, ஐம்பத்தெட்டு வயது,
தூக்குப்பாலத்தைத் திறந்து மூடுகிறவர்.
மழைக்கோட்டைக் கழற்றவில்லை.
"ரொம்ப நேரமாகுமா? மூன்றரைக்கு மணல் படகு வரும்."

மாட்டிவிட்டேன்.
அவர் பார்க்கும் இடம் என் திரையில் ஒரு பச்சைப் புள்ளி.
ஆளுயரத் தமனி. பவளநிறச் சுவர்.
கிளை பிரியும் முக்கில்
சுவர் ஒருபக்கமாய்ப் பிதுங்கி நிற்கிறது,
வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெலிந்து.
அந்த இடத்தில் பலர் "அழகாயிருக்கிறதே" என்பார்கள்.
அவர் கையை நீட்டிக் காற்றைத் தொட்டார்.
"கரை இப்படி வயிறு தள்ளினால்
எங்கள் ஊரில் அன்றிரவு யாரும் படுக்க மாட்டோம்."

பிறகு கவ்வி வந்தது.
இரண்டு அரிசி நீளம், டைட்டானியம்.
வீக்கத்தின் கழுத்தைப் பிடித்ததும் அது சுருங்கி அடங்கியது.
பின்னணியில் மெல்லிய இசை.
இசையைத் தேர்ந்தெடுத்தவன் நான்.

"ரத்தம் எங்கே?"

எடுத்துவிட்டோம் என்றேன். பயப்படுவார்கள் என்று.

"தண்ணீரில்லாத கால்வாயைக் காட்டிப்
பாலம் பத்திரம் என்கிறீர்களா?
தப்பிப்போகிற படத்தைப் போடுங்கள்."

தப்பிப்போகிற படம் எங்களிடம் இல்லை.
ஏழு கோப்புகள் இருந்தன,
ஏழும் பிழைத்தன.

அதுவரை சுவரோரம் நின்ற
அறுவை மருத்துவர் ஹூல்யா
நாற்காலியை இழுத்து, முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்தார்.
கவ்வுமுன் கிழியலாம் என்றார்.
கிழிந்தால் முதலில் எனக்கு எதுவும் தெரியாது, எங்கும் சிவப்பு.
உறிஞ்சிக்கொண்டே தேடுவேன்.
உங்கள் வலது கை திரும்பாமல் போகலாம்.
பெயர்கள் போகலாம், படகுகளின், பிள்ளைகளின்.
என் கையில் இதுவரை நூற்றுப் பத்தொன்பது பேர்.
ஆறு பேருக்கு அப்படி ஆனது.
ஒருவர் எழுந்திருக்கவே இல்லை.
விட்டுவைத்தால் வெடிக்கலாம்,
வெடிக்காமலே நீங்கள் கிழவியாகலாம்.
எது என்று எனக்குத் தெரியாது.

என் திரையில் பச்சைப் புள்ளியைக் காணோம்.
கருவி கெட்டதென்று கம்பியை அசைத்துப் பார்த்தேன்.
கெடவில்லை.
உள்ளே அவர் கண்ணை மூடியிருந்தார்.
நாலு லட்சம் யூரோவில் நாங்கள் கட்டிய தமனிக்கு நடுவே
கண்ணை மூடிக்கொண்டு
ஒரு குரலை மட்டும்.

அன்று கையெழுத்து இல்லை.
படிவத்தை மடித்துக் கோட்டுக்குள் வைத்தபடி போனார்.
மணல் படகுக்கு முன் போய்ச் சேர்ந்திருப்பார்.

ஒன்பது நாள் கழித்துத் தபாலில் வந்தது.
"பார்த்தேன், புரிந்தது" என்று அச்சிட்ட வரியில்
இரண்டு சொல்லையும் அடித்துவிட்டு
மேலே நீல மையில்: "கேட்டேன்."
கீழே கையெழுத்து.
ஓரத்தில் பொடி எழுத்தில்,
ஏப்ரல் பன்னிரண்டுக்குப் பிறகு வையுங்கள்,
பாலத்துக்கு மாற்றாள் அப்போதுதான் கிடைப்பார்.

இசையை எடுத்துவிட்டேன்.
எட்டாவது கோப்புக்கு
இன்னும் பெயர் வைக்கவில்லை.