பதின்மூன்றாம் நம்பர் ஸ்பனர்

எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டேன்.
குளிரில் ஒயில் பாணியாய்த் தடித்துக் கிடக்கும்,
இளகினால்தான் இறங்கும்.

கோர்பியில் மார்ச் மாதச் சனி.
சரிவுப்பலகை இரண்டையும்
பக்கத்து வீட்டு டெரெக் தந்தார்.
கராஜுக்குக் கொண்டுபோனால் என்ன என்றார்.
நூற்று எண்பது பவுண் என்றேன்.
அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

மல்லாந்தபடி உள்ளே போகிறேன்.
பழைய மழைக்கோட்டை விரித்தும் முதுகில் ஈரம்.
மூக்குக்கு நேரே அந்த நட்டு.
அசையமாட்டேன் என்கிறது.

போன வருஷம் இதை முறுக்கியவர் கேதீஸ்.
எதையும் அளவோடு மூடத் தெரியாது அவருக்கு:
ஊறுகாய்ப் போத்தல், குளியலறைக் குழாய்,
போன நாளில் வாசல் கதவு.

ஸ்பனரின் வாலில் இரும்புக் குழாயைச் செருகி
காலால் உதைத்தேன்.
டக்.

முதலில் நூலாய், பிறகு கயிறாய்,
என் முழங்கை வழியே சட்டைக்குள்ளும்.
சூடுதான், பொறுக்கலாம்.
பேசினுக்குள் கறுப்பாய் ஒரு வானம்,
அதில் டெரெக்கின் தொலைக்காட்சி அன்டெனா.

"அம்மா, செத்துப்போனீங்களா?"
வாசலில் சின்னவன், யோகர்ட் கரண்டியோடு.
"இல்லையடா. புனலைக் கொண்டு வா."

புது ஃபில்டர், புது வாஷர்.
நட்டைக் கைவிரலால் திருகி
ஸ்பனரால் கால் சுற்று.
புத்தகத்தில் அவ்வளவுதான் போட்டிருக்கிறது.

நாலரை லீட்டர் உள்ளே போனது.
பொனற்றின் அடியில் ஒட்டிய டேப்பில்
அவர் எழுத்து: 71,340 மைல்.
கீழே என்னுடையது, கொஞ்சம் எண்ணெய் பிசுக்கோடு:
82,015.

இரவு டோர்ச்சோடு ஒருமுறை இறங்கி வந்தேன்.
காருக்கடியில் விரித்த அட்டை
காய்ந்துதான் இருந்தது.