பதினோராவது துளை

கொக்குவில் குகதாசனிடம் கேட்டது பத்துத் துளை.
பத்தொன்பது அங்குல அலுமினியத் தகடு,
துளை ஒவ்வொன்றும் இருபத்துநாலு மில்லிமீற்றர்,
எந்தச் சொக்கற்றும் எந்தத் துளையிலும் இருக்கலாம்.
வந்தது பதினொன்று.
"மிசின் எண்ணினது தங்கச்சி, நான் இல்லை."
காசு பத்துக்குத்தான் வாங்கினான்.

அதற்கு முன்னமே எனக்கும் அனிஸ்ரனுக்கும்
மூன்று கிழமைச் சண்டை.
கிற்றார் அவனுடையது, அம்ப் அவனுடையது,
சீட்டெடுத்த காசும் அவனுடையது.
சொல்டர் பிடிக்கிற கை என்னுடையது.

எல்லாமே பூட்டுகிற சொக்கற்றாக வேணுமாம்.
போன ஆடி, பருத்தித்துறையில்,
கண்ணை மூடி அவன் உச்சத்துக்கு ஏறின நேரம்
ஐஸ்கிறீமுக்கு ஓடின பெடியன் ஒருத்தன்
வயரில் தடக்க, ஜாக் கழன்றது.
சனம் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் நிற்கிறதாம்.

"பூட்டியிருந்தால்?"
"கழன்றிராது."
"ஓம். பெடியன் விழுந்திருப்பான்.
அவனுக்கு மேலே முப்பது கிலோ ராக்."

பிளேன்ரீ ஆறும்வரை அவன் வாய் திறக்கவில்லை.

ஆகவே, கால்கள் நடமாடுகிற பக்கம்
விடத் தெரிந்த சொக்கற்.
ஸ்பீக்கருக்குப் போகிற பக்கமும் கரண்ட் நுழைகிற பக்கமும்
திருகிப் பூட்டுவது.
இவ்வளவையும் முடிவெடுக்க
ஒரு கொப்பி முழுக்கக் கீறி அழித்தேன்.

பிறகு நிக்கலா, தங்கமா.
கொழும்பில் இருக்கிறவனுக்கு நிக்கல் காணும்.
குருநகரில் ஜன்னலைத் திறந்துவிட்டுப் படுத்தால்
விடியச் சாவிக்கொத்து பூத்திருக்கும்.
இரண்டு மாரி போகட்டும், முள்ளில் உப்பேறி
எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் பட்டமாதிரி ஒரு சத்தம் வரும்.
வால்வ் பழுது என்பான்,
வால்வ் மாற்றுவான்,
பிறகும் அதே சத்தம்.
தங்கம், என்றேன்.
"சீதனமோ?" என்றான்.
முலாம்தான். பத்தையும் சுரண்டினாலும்
ஒரு மூக்குத்திக்குக் காணாது.

மூன்று முள். ஒன்று நிலம்.
மற்ற இரண்டும் ஒரே சேதியை
ஒன்று நேராக, ஒன்று தலைகீழாகச் சுமக்கும்.
வழியில் தொற்றுகிற இரைச்சலோ இரண்டிலும் ஒரே பக்கமாய்த் தொற்றும்.
போய்ச் சேர்ந்ததும் ஒன்றைத் திருப்பிக் கூட்ட
சேதி இரட்டிக்கும், இரைச்சல் தன்னையே தின்றுவிடும்.
இதை முதலில் யோசித்த ஆளை நினைத்தால்
எனக்கு நித்திரை வருவதில்லை.

ஜாக்குக்கும் தகட்டுக்கும் நடுவில் நைலோன் வளையம்.
அது இல்லாவிட்டால் நிலம் இரண்டு வழியால் வந்து
வட்டம் போட்டுக் குந்திவிடும்,
கோயில் ஜெனரேற்றரின் முனகல் முழுக்கப் பாட்டுக்குள்.
பத்துக்கும் போட்டு, இறுக்கி, நிமிர்ந்து பார்த்தால்
மேசையில் ஒரு வளையம் மிச்சம்.
ஒன்பதாவது.
எல்லாவற்றையும் கழற்றினேன்.

மீற்றர் பத்துத் தடவை பீப் என்றது.
பதினொன்றுக்கு மூடி போடு என்றான் அனிஸ்ரன்.
மூடி இரவு பஸ்ஸில் வருகிறது என்று கடைக்காரன் சொன்னான்,
அடுத்த நாளும் அதையே சொன்னான்.
எனக்கு அவசரமில்லை.
ஒரு துளை சும்மா இருந்தால் என்ன,
நாளைக்கு எந்த வயர் வருமோ.

வயர் வரவில்லை. குளவி வந்தது.
நாங்கள் சாவகச்சேரிக் கலியாணத்துக்கு
வேறு பெட்டியோடு போன நாலு நாளில்
மண் உருட்டி உருட்டி அடைத்து,
விளிம்பைக்கூட வழித்து விட்டிருந்தது.
என் சொல்டரைவிட மினுக்கம்.

அனிஸ்ரன் திருப்புளியை எடுத்தான்.
பொறு என்றேன்.
ஒரு ஊசியைக் காய்ந்த மண்ணிலும்
மற்றதைத் தகட்டிலும் வைத்தேன்.
பீப் இல்லை. ஒரு சொட்டும் கடத்தவில்லை.
நைலோனைவிடத் திறம்.

லேபல் மிசினில் ஏற்கெனவே
கிற்றார் உள்ளே, எபெக்ட் போக, எபெக்ட் வர என்று
பத்துத் துண்டு அடித்து ஒட்டியிருந்தேன்.
பதினோராவதற்கு என்ன என்று கேட்டான்.

அடித்தேன்:
ஆள் இருக்கு.