முன்கூட்டியே நடந்தவை

சொல்லாமல் போய்ப் பார்க்க வேண்டும் என்பது
எங்கள் ஏஜென்சியின் ஆறாவது விதி.
நான் அதைக் கடைப்பிடித்தது
இந்தப் புதன்கிழமைதான்.
அதுவும், போகவிருந்த வீட்டில்
நாய் அவிழ்ந்துகிடந்ததால்.

பீடோர். தாமான் செம்பாக்காவின் கடைசி வரிசை.
பின்வேலியைத் தொட்டபடி செம்பனை.
குலை ஏற்றிய லோரி போன பிறகும்
சன்னல் கொஞ்ச நேரம் நடுங்குகிறது.

மணி பத்து நாற்பது.
கட்டிலருகே ஆணியில் தொங்கும் நோட்டில்
பன்னிரண்டு மணிக்குப் புரட்டிப் படுக்கவைத்தாயிற்று.
இரண்டுக்குக் கஞ்சி, முக்கால் கிண்ணம்.
நாலுக்குப் பேம்பர்ஸ் மாற்றியாயிற்று.
ராத்திரி எட்டுக்கு
"நல்லாத் தூங்குறார்."

இன்னும் வராத ஒரு ராத்திரியில்
சவரிமுத்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.
இந்தக் காலையில்
கண் திறந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பவளரேகா அடுப்படியிலிருந்து வந்தாள்,
கையில் கஞ்சி வடித்த துணி.
நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"பன்னெண்டு மணி பஸ்ஸைப் புடிச்சாத்தான்
தாப்பாவுல அந்த சீனப் பாட்டிக்கு
ஒரு மணிக்குக் குளிக்க ஊத்த முடியும்.
அட்டவணை நீங்க போட்டதுதான்க்கா."

நான் போட்டதுதான்.
இரண்டு வீடும் ஒரே பகலில்.
பஸ் ஓடும் நேரத்துக்கு
அதில் கட்டம் இல்லை.

முப்பத்தொரு வருஷம் மரம்வெட்டு மண்டோர் இவர்.
பால்மரம் ஒவ்வொன்றின் முன்னும் குனிந்து
பட்டை தாண்டிக் கத்தி இறங்கியிருந்தால்
சுண்ணாம்பால் வட்டம் போடுவார்.
வட்டத்துக்கு இவ்வளவு என்று சம்பளத்தில் பிடித்தம்.
பவளரேகாவின் அம்மா நிரையில்
ஒரே மாதத்தில் ஏழு வட்டம்.
கேட்டுவிட்டேன், கேட்டிருக்கக் கூடாது.
"அந்தக் கோவத்துலயா?"
அவள் துணியைப் பிழிந்தாள்.
"கோவமிருந்தா மூணு வருசமா
இவரு பீயை அள்ளுவேனா?"

இரண்டு பேருமாகப் புரட்டினோம்.
இடுப்பெலும்பின் மேல்
ஐம்பது காசு அகலம்.
ஓரம் சிவப்பு, நடுவில் கறுப்பு.
ஃபேன் காற்று திரும்பி வரும்போதெல்லாம்
அதன் வாடையும் வந்தது.

சுவரைப் பார்த்தபடி அவர் கேட்டார்,
இரண்டு வாரத்தில் முதல் வார்த்தையாம்:
"ஆழமா?"

மரத்தைக் கேட்ட குரல்.
பதில் சொல்ல வாய் வரவில்லை.
நாங்கள் மருந்து போடும் ஆட்கள் இல்லை.
புண்ணைத் தொடக் கூடாது என்பது இரண்டாவது விதி.
பார்க்கலாம், எழுதலாம்,
கிளினிக்கைக் கூப்பிடலாம்.
பார்ப்பது என்றால் என்ன என்று
எந்த விதியும் சொல்வதில்லை.

போன மாதப் பக்கத்தைத் திருப்பினேன்.
"தோல்: நலம்."
பக்கத்தில் என் கையெழுத்து.
அன்றைக்கு ஹாலில் உட்கார்ந்து மைலோ குடித்தேன்,
சிங்கப்பூரிலிருந்து மகன் பேசினார்,
"எல்லாம் ஓகேதானே?" என்றார்,
"ஓகே" என்றேன்.
கட்டில் இருந்த அறைக்கு
பதினோரு அடி.
இன்றைக்கு எண்ணினேன்.

புகார்ப் படிவத்தில் "தவறியவர்" என்று
ஒரே ஒரு கோடு.
பவளரேகா என்று எழுத ஆரம்பித்து
"ப"வோடு நிறுத்தினேன்.
அதன் மேல் என் பெயரை எழுதினேன்,
இடம் போதாமல்
அவள் எழுத்து அடியில் தெரிந்தது.
அப்படியே விட்டேன்.

கிளினிக்கில் மூன்று மணிக்கு வரச் சொன்னார்கள்.
வேன் பிடித்தேன்.
தாப்பாவுக்குப் போன் செய்தேன்,
யாரும் எடுக்கவில்லை.
அந்தப் பாட்டி தனியாகக் குளியலறைக்கு
எழுந்துவிடாமல் இருக்க வேண்டும்.

சரியாகப் பன்னிரண்டுக்கு
சவரிமுத்துவை இடப்பக்கம் திருப்பினோம்.
முதுகுக்குத் தலையணை,
முட்டிகளுக்கிடையே மடித்த துண்டு.
அவர் மூச்சு நீளமாக வெளியே வந்தது.

பவளரேகா பேனாவை எடுத்தாள்,
நோட்டைப் புரட்டினாள், தயங்கினாள்.
"இதுக்குப் புதுசா டிக் போடணுமாக்கா?
முன்னாடி போட்டதே போதுமா?"