இருமலும் சேர்த்து

வஸ்தியான் கூப்பிட்டால்
பாலைக்காட்டுக்கு அங்காலை நிக்கிற மாடும் தலை நிமிர்த்தும்.
அடித்தொண்டையிலை தொடங்கி
மெல்ல மேலை ஏறி
நடுவிலை ஒருக்கா முறிஞ்சு
சுருட்டு இருமலிலை போய் முடியும் அந்தக் கூப்பிடு.

எழுதிக் காட்டேலாது.
எழுதத்தான் கேட்டவை,
வவுனியாவிலை, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து.
அங்க அடையாளம்?
இடது புருவத்திலை கொம்பு கிழிச்ச தழும்பு எண்டன்.
எழுதினவை.
குரல் எண்டன்.
பேனை நிண்டுபோச்சு.
அந்தப் படிவத்திலை குரலுக்குக் கட்டமில்லை.

செல் கிட்ட வந்த இரவு
படலையைத் திறந்து
ஒவ்வொண்டின்ரை முதுகிலையும் தட்டி
"போங்கோ, போங்கோ" எண்டார்.
மாட்டுக்கும் மரியாதை குடுக்கிற மனிசன்.
எனக்கு ஒருநாளும் "ங்கோ" போட்டதில்லை.
பிறகு மாத்தளனிலை
தண்ணிக் கானோடை போனவர்.
கானும் வரேல்லை.

முகாமிலை எங்களை எண்ணினவை,
காலமையும் பின்னேரமும்.
எண்ணினவனுக்கு ஒருத்தற்றை பேரும் தெரியாது.
அவர் பட்டியை எண்ணினதே இல்லை.
படலையிலை கை வைச்சபடி ஒருக்காப் பார்ப்பார்,
"கூழைவாலி எங்கை?" எண்டுவார்.

மூண்டு வருசத்தாலை
இரணைஇலுப்பைக்குளத்துக்கு நான் தனியத் திரும்பினன்.
பட்டி இருந்த இடத்திலை நாயுண்ணிப் பத்தை.
குளத்து அலைகரையிலை மாடுகள்,
காடேறி, மயிர் சடைச்சு,
கிட்டப் போனால் மரை மாதிரிப் பாயுதுகள்.
தொடையிலை குறி தெரிஞ்சது,
ஒரு சிலுவை, கீழை "வ".
கத்தினன். பேர் சொல்லிச் சொல்லிக் கத்தினன்.
ஒண்டும் திரும்பிப் பார்க்கேல்லை.
அதுகள் அறிஞ்ச குரல் என்னட்டை இல்லை.

பிறகு ஒரு மாதம்
கிணத்தடியிலை, ஆருமில்லாத நேரம் பார்த்துப் பழகினன்.
உள்ளை குனிஞ்சு கூப்பிட்டால்
திரும்பி வாறது பாதி அவர்.
ஏற்றம் வந்தது, முறிவும் வந்தது.
மாடு வரேல்லை.
ஒருநாள் பத்தை எரிச்ச புகை தொண்டையிலை சிக்கி
கடைசியிலை இருமிப்போட்டன்.
பதினேழும் வந்து நிண்டது.

நல்லாயன் ஞாயிறு பூசையிலை
டெஸ்மன் பாதர் வாசிச்சார்,
ஆடுகள் ஆயன்ரை குரலை அறியுமாம்,
அந்நியனுக்குப் பின்னாலை போகாதாம்.
பீடத்துக்குப் பக்கத்துப் படத்திலை
யேசுவின்ரை தோளிலை வெள்ளைக் கம்பளி ஆடு.
எங்கடை வெயிலுக்கு அது ஒரு கிழமை தாங்காது.
பூசை முடிய
பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலிட்டன்.
"சுவாமி, நான் இன்னொருத்தற்றை குரலிலை கூப்பிடுறன்.
அதுகள் நம்பி வருது.
இது களவோ?"

தட்டிக்கு அங்காலை கனநேரம் ஒண்டுமில்லை.
பாதருக்கு முப்பது வயசும் இராது.
பிறகு தொண்டையைச் செருமினார்.
மூண்டு அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார்.
சொன்னன்.
ஆனால் அந்தச் செருமல் எனக்குத் தெரிஞ்ச செருமல்,
கிணத்துக்குள்ளை குனிய முதல் வாறது.

பதினேழு எண்டு சொன்னன்.
பதினெட்டு.
செம்மறை, ஒரு காதைச் சன்னம் கொண்டுபோன பசு,
அது மட்டும் வாறதில்லை.
கேக்காமல் இல்லை. நிமிரும்.
மிச்சக் காதைத் திருப்பி
இருமல் முடியுமட்டும் கேட்டிட்டு
காட்டுப் பக்கம் முகத்தை வைக்கும்.
அது துலைஞ்ச மாடு, விட்டிடு எண்டு சொல்லுகினம்.

பதினேழையும் அடைச்சு
படலை கட்டிப்போட்டு
பொழுதுபட அதைத் தேடிப் போறன்.
கயிறு கொண்டுபோறேல்லை.
கூப்பிடுறதும் இல்லை.
பக்கத்திலை நிண்டு
கழுத்திலை உண்ணி புடுங்கிக்கொண்டு
அது பார்க்கிற பக்கம்
நானும் பார்க்கிறன்.